தெரிந்தவரிடமிருந்து வந்த கடிதம்: கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வைரஸ் பரவியது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2001 ஜூலை கடைசியில் நடந்தது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் போடும் ஒரு தனியார் ஃபேக்டரி. நான் அப்போது குன்னூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் ஆளாக இருந்தேன். மாதம் ஒரு முறை 20 கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறிப் போய் அந்த ஃபேக்டரியின் இரண்டு கம்ப்யூட்டரையும் பார்த்துவிட்டு வருவது என் வேலை. போன நாள், செய்த வேலை எல்லாம் எழுதிய சர்வீஸ் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்தும் அப்போது அங்கே இருந்தவர்களிடம் கேட்டும் இதை எழுதுகிறேன். யாருடைய பெயரும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர், இலை எடை அறையில் ஒன்று. இரண்டிலும் விண்டோஸ் 98. நடுவில் ஒரு கேபிள். எடை அறையில் அன்றாடம் ஏறும் கணக்கை ஆபீஸிலிருந்து எடுத்துக்கொள்ள வசதியாக இரண்டு மெஷினின் சி டிரைவையும் பாஸ்வேர்ட் இல்லாமல் ஷேர் போட்டிருந்தோம். போட்டது நான்தான். இன்டர்நெட்டுக்கு டெலிபோன் லைனும் வெளியில் வைக்கிற மோடமும். தினமும் சாயங்காலம் அரை மணி, முக்கால் மணி நேரம் லைன் போட்டு மெயில் பார்ப்பார்கள். மற்ற நேரம் அந்த லைன் சாதாரண போன்.

ஆபீஸ் கணக்கைப் பார்த்தவர் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா. ஃபேக்டரிக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பிருந்தே பேரேடு எழுதியவர். மெயில், எக்ஸெல் எல்லாம் அவராகக் கற்றுக்கொண்டது. குன்னூர் ஏலத்துக்குத் தூள் அனுப்புவதால் தரகர் ஆபீஸிலிருந்து வாராவாரம் மதிப்பு விவரம் எக்ஸெல் கோப்பாக வரும். கோயம்புத்தூர், ஈரோடு வியாபாரிகள் சிலரும் மெயிலில் பேசுவார்கள்.

பச்சை இலை விலை படு மோசமாக விழுந்திருந்த காலம் அது என்பதையும் சொல்ல வேண்டும். விவசாயிக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பேச்சு நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

முன்பு எடுத்திருந்த பாதுகாப்பு

2000 மே 4 அன்று பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் எங்கள் மலைக்கும் வந்தது. காதல் கடிதம் என்ற பெயர், அதன் பின்னால் டெக்ஸ்ட் கோப்பு என்று சொல்லும் எழுத்துகள், அதற்கும் பின்னால் வி.பி.எஸ். என்ற உண்மையான வால், அதாவது கோப்பு எந்த வகை என்று சொல்லும் கடைசி எழுத்துகள். வி.பி.எஸ். என்றால் அழுத்தியதும் ஓடும் நிரல். தெரிந்த வகைக் கோப்புகளின் வாலை மறைத்துவிடுவது விண்டோஸின் இயல்பு அமைப்பு. அதனால் கடைசி வால் கண்ணுக்குப் படாமல், வெறும் எழுத்துக் கோப்பு மாதிரித் தெரிந்தது. திறந்தால் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் போனது. படக் கோப்புகளை அழித்துத் தன்னை அங்கே எழுதியது.

அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொண்ட எல்லா மெஷினிலும் மூன்று காரியம் செய்தேன். வாலை மறைக்கும் அமைப்பை எடுத்துவிட்டேன். வைரஸ் தடுப்பு மென்பொருள் போட்டு, அதற்கான புதுப்பிப்பை மாதம் ஒரு முறை சி.டி.யில் கொண்டுபோனேன். நாலு மெகாபைட் கோப்பை அந்த லைனில் இறக்க இருபது நிமிடத்துக்குக் குறையாது. பாதியில் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவதாக, எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: தெரியாதவர் அனுப்பிய கோப்பைத் திறக்காதீர்கள், தெரிந்தவர் அனுப்பியதையும் முதலில் டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டுத் திறங்கள், வைரஸ் தடுப்பு அதை ஒரு முறை பார்த்துக்கொள்ளும்.

அந்த அக்கா இந்த மூன்றையும் மீறவில்லை.

ஜூலை 25, புதன்கிழமை

சாயங்காலம் லைன் போட்டபோது தரகர் ஆபீஸிலிருந்து ஒரு மெயில். பொருள் வரியில் கோப்பின் பெயரே இருந்தது, மதிப்பு விவரம் என்று. உள்ளே ஆங்கிலத்தில் மூன்று வரி: 'ஹாய்! ஹவ் ஆர் யூ?' என்று ஆரம்பித்து, உங்கள் ஆலோசனைக்காக இந்தக் கோப்பை அனுப்புகிறேன் என்று சொல்லி, 'சீ யூ லேட்டர். தேங்க்ஸ்' என்று முடிந்தது. தரகர் ஆபீஸ் எப்போதும் இரண்டு வரிதான் எழுதும். ஆள் மாறியிருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டதாக அக்கா பிறகு சொன்னார்.

இணைப்பின் பெயர் நீளமாக இருந்தது. எக்ஸ்.எல்.எஸ். என்ற பழகிய எழுத்தைத் தாண்டி இன்னும் மூன்று எழுத்து. அது அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே டெஸ்க்டாப்பில் சேமித்தார். சேமித்ததும் அந்த மூன்று எழுத்தும் போய்விட்டது. வாலைக் காட்டும்படி நான் அமைத்திருந்தும் போனது.

காரணம் இதுதான். அந்த வால் பி.ஐ.எஃப். அது விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்து நிரல்களுக்கான குறுக்குவழிக் (ஷார்ட்கட்) கோப்பு. குறுக்குவழிகளின் வால் பயனருக்கு அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று, இந்த மாதிரிச் சில வகைகளுக்கு மட்டும் விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில் (தன் அமைப்புகளை எல்லாம் அது எழுதி வைக்கும் இடம்) 'நெவர்ஷோஎக்ஸ்ட்' என்று தனியாக ஒரு குறிப்பு வைத்திருந்தது. எல்லா வாலையும் காட்டு என்று நாம் சொன்னாலும் அது கேட்காது. அதோடு, பி.ஐ.எஃப். என்று பெயர் வைத்த கோப்புக்குள் முழு நிரல் இருந்தால், அதைக் குறுக்குவழி அல்ல என்று தள்ளாமல் நிரலாகவே ஓட்டிவிடும். ஒன்று மறைக்கிறது, இன்னொன்று ஓட்டுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சின்ன விஷயம்.

வைரஸ் தடுப்பும் ஒன்றும் சொல்லவில்லை. என் சி.டி. ஜூன் மாதத்தது, சர்க்காம் என்ற இந்த வைரஸ் ஜூலை 17 வாக்கில்தான் வெளியே வந்தது.

அக்கா இரண்டு முறை சொடுக்கினார். எக்ஸெல் திறந்தது. உள்ளே உண்மையான மதிப்பு விவரம் இருந்தது, போன வாரத்தது. சர்க்காமின் கெட்டிக்காரத்தனமே இதில்தான். பாதித்த கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு உண்மையான கோப்பை எடுத்துத் தன்னோடு ஒட்டிக்கொண்டு கிளம்பும். போய்ச் சேர்ந்த இடத்தில் முதலில் தன்னைப் பதித்துக்கொள்ளும், அப்புறம் அந்தக் கோப்பைத் திறந்து காட்டும். பார்க்கிறவருக்குச் சந்தேகம் வர எதுவுமே மிச்சமில்லை. பழைய வாரத்தை அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து மூடிவிட்டார்.

ஜூலை 26, 27: வெளியே தெரிந்தவை

வியாழக்கிழமை சாயங்காலம் மெயில் வாங்கி முடித்த பிறகும் மோடமில் அனுப்பும் விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டே இருந்தது. அக்கா அதைக் கவனித்திருக்கிறார். தான் எதையாவது அனுப்பிவிட்டோமோ என்று 'அனுப்பியவை' பகுதியைத் திறந்து பார்த்தார். காலியாக இருந்தது. வெளியே போகக் காத்திருக்கும் பகுதியும் காலி. லைனை வெட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

இதைவிட நல்ல அறிகுறி அந்த வாரம் முழுதும் வரவில்லை. அக்காவுக்கு அதைப் படிக்க வழி இல்லை. கடிதம் அனுப்பும் நிரலைச் சர்க்காம் தனக்குள்ளேயே வைத்திருந்தது. மெயில் மென்பொருளை அது தொடவே இல்லை. முகவரிகளை மட்டும் எடுத்துக்கொண்டது. மெயில் மென்பொருளைப் பொறுத்தவரை எதுவும் போகவில்லை. வைரஸ் மட்டும் 130 கிலோபைட்டுக்கு மேல், கூட ஒட்டிய கோப்பு வேறு, மெயிலில் போகும்போது மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். எங்கள் லைனில் ஒரு கடிதம் போக ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். லைன் மெதுவாக இருந்ததுதான் அன்று எங்களைக் கொஞ்சம் காப்பாற்றியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் போன் செய்தார். 'உங்க விவசாயிங்களோட அட்வான்ஸ் கணக்கை எனக்கு எதுக்கும்மா அனுப்பியிருக்கீங்க?' என்று கேட்டார். அக்கா அப்போதுதான் பயந்து எங்கள் கடைக்குப் போன் செய்தார். நான் உடனே ஒரே ஒரு வேலை செய்யச் சொன்னேன்: மோடத்திலிருந்து டெலிபோன் வயரை உருவிவிடுங்கள், இரண்டு மெஷினுக்கும் நடுவில் இருக்கும் கேபிளையும் உருவிவிடுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். சுத்தம் செய்வதைவிட நிறுத்துவது அவசரம் என்று நினைத்தேன். அந்த முடிவில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஜூலை 28: நேரில் பார்த்தது

காலை முதல் பஸ்ஸில் போனேன். காற்றும் தூறலுமாக இருந்தது. ஆபீஸ் வரை டிரையரின் சூடும் தூள் வாசமும் அடித்தது. வைரஸ் தடுப்புக்குப் புதிய சி.டி. கிடைக்கவில்லை. கடையில் இன்டர்நெட்டில் படித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனதை வைத்தே வேலையை ஆரம்பித்தேன்.

ரீசைக்கிள்ட் என்ற மறைந்த ஃபோல்டரில் வைரஸின் ஒரு பிரதி இருந்தது. குப்பைத்தொட்டிக்கான ஃபோல்டர் அது. அங்கே யாரும் போய்ப் பார்ப்பதில்லை. சிஸ்டம் ஃபோல்டரில் இன்னொரு பிரதி. நான் டாஸ் நிலைக்குப் போய் இரண்டையும் அழித்துவிட்டு மெஷினை மறுபடி போட்டேன். டெஸ்க்டாப் வந்தது. எக்ஸெல்லை அழுத்தினால் வரவில்லை. மெயில் வரவில்லை. எந்த நிரலை அழுத்தினாலும், ரீசைக்கிள்டில் இருக்கும் அந்தக் கோப்பைக் காணோம், அது இல்லாமல் இதைத் திறக்க முடியாது என்று ஒரே செய்தி.

அழித்த வரிசை தவறு. எக்ஸி என்ற வால் உள்ள எந்த நிரலைத் திறந்தாலும் முதலில் தன்னை ஓட்டும்படி சர்க்காம் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியை மாற்றி வைத்திருந்தது. அந்த வரியைச் சரிசெய்யாமல் நான் கோப்பை எடுத்துவிட்டதால், வாசலில் நின்றவனை அனுப்பிவிட்டேன், கதவு பூட்டியே இருந்தது. ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் நிரலும் எக்ஸிதான். அதுவும் திறக்கவில்லை.

கோயம்புத்தூரில் இருந்த நண்பருக்குப் போன் செய்து, அவர் சொன்ன வழியில் சரி செய்தேன். டாஸ் பிராம்ப்ட் எக்ஸி அல்ல, அது திறந்தது. அதில் விண்டோஸ் ஃபோல்டருக்குப் போய், ரெஜிஸ்ட்ரி திருத்தும் நிரலை 'காம்' என்ற வாலோடு இன்னொரு பெயரில் நகல் எடுத்து ஓட்டினால் ஓடுகிறது. உள்ளே போய் அந்த வரியைப் பழையபடி ஆக்கியதும் எல்லா நிரலும் வந்தன. இதற்கு மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போயிற்று.

அப்புறம் எடை அறைக்குப் போனேன். அங்கே மெயிலே கிடையாது. ஆனாலும் வைரஸ் இருந்தது. நான் போட்டிருந்த ஷேர் வழியாக வந்திருக்கிறது. ஆட்டோஎக்ஸெக் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்ந்திருந்தது, மெஷினைப் போடும்போதே வைரஸும் ஓடும்படி. விண்டோஸின் ஒரு நிரலை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தில் வைரஸே உட்கார்ந்திருந்தது. இந்த முறை வரிசையைத் தவறவிடவில்லை.

கடைசியாக முகவரிப் புத்தகத்தைத் திறந்தேன். அதில் 58 முகவரி இருந்தது. அக்கா ஆச்சரியப்பட்டார். 'நான் அஞ்சாறு பேரைத்தான் தம்பி சேர்த்தேன்' என்றார். யாருக்குப் பதில் எழுதினாலும் அவர் முகவரியைக் கேட்காமலே புத்தகத்தில் சேர்த்துக்கொள்வது அந்த மெயில் மென்பொருளின் இயல்பு அமைப்பு. ஒரு முறை உதிரி பாகம் கேட்டுப் பக்கத்து ஃபேக்டரிக்கு எழுதிய பதிலால் அந்த ஃபேக்டரியும் அதில் இருந்தது. பச்சை இலைக்குப் போட்டி போடும் ஃபேக்டரி.

போனது என்ன

எந்தக் கடிதம் யாருக்குப் போனது என்று சொல்ல எங்களிடம் பதிவே இல்லை. திரும்பி வந்த சில கடிதங்களையும் போன் செய்தவர்கள் சொன்னதையும் வைத்துக் கணக்குப் போட்டோம். சர்க்காம் 'மை டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரில் இருக்கும் வேர்ட், எக்ஸெல், ஜிப் கோப்புகளைத்தான் எடுத்தது. சேமி என்று அழுத்தினால் மென்பொருள் தானாகக் காட்டும் இடமும் அதுதான். அக்காவின் எல்லாக் கணக்கும் அங்கேயே இருந்தது.

போன கோப்புகளில் ஒன்று ஜூன் மாத இலைக் கணக்கு. விவசாயி பெயர், கிலோ, வாங்கிய முன்பணம், ஈரக் கழிவு. மழைக்காலத்தில் இலையோடு தண்ணீரும் எடையில் ஏறும் என்று எல்லா ஃபேக்டரியும் நூற்றுக்கு இவ்வளவு என்று கழிக்கும். இந்தக் கணக்கில் கழிவு எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. நிறைய இலை கொண்டுவரும் சிலருக்குக் குறைவு, அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்தவர்களுக்கு அதிகம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பெற்றவர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது. மேனேஜர் வேண்டாம் என்றார். 'நாமளே போன் பண்ணினா, இன்னும் திறக்காதவன்கூட என்ன இருக்குன்னு திறந்து பார்ப்பான்' என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருந்தது. ஆனால் திறந்தால் அவர்கள் மெஷினும் கெடும், அங்கிருந்து இன்னும் ஐம்பது பேருக்குப் போகும் என்றேன். 'வைரஸ் வந்திருக்கு, எங்க பேர்ல வந்த மெயிலை அழிச்சிடுங்க' என்று மட்டும் சொல்வது, கோப்பில் என்ன இருந்தது என்று பேச வேண்டாம் என்று முடிவானது. மெயிலில் எழுதாமல் போனில் சொன்னோம். எங்கள் பெயரில் வரும் மெயிலை யாரும் நம்பக் கூடாது என்று சொல்ல இன்னொரு மெயில் அனுப்புவதில் அர்த்தம் இல்லை. அக்கா சனியும் திங்களுமாக உட்கார்ந்து 41 பேரைக் கூப்பிட்டார். மற்றவர்களின் போன் நம்பர் கிடைக்கவில்லை.

பக்கத்து ஃபேக்டரியை அழைத்தபோது அவர்கள் வெள்ளிக்கிழமையே திறந்துவிட்டிருந்தார்கள்.

இரண்டாவது முடிவு, அக்காவைப் பற்றியது. அந்த மாத டெலிபோன் பில்லையும் என் சர்வீஸ் கட்டணத்தையும் அவர் சம்பளத்தில் பிடிப்பதாக மேனேஜர் சொன்னார். கண்டதைத் திறந்தது அவர்தானே என்றார். அன்று இரவு கடைக்குத் திரும்பியதும் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். தெரிந்தவர் பெயரில் வந்தது, சேமித்துத் திறந்தார், வாலைக் காட்டும் அமைப்பு போட்டிருந்தும் காட்டவில்லை, வைரஸ் தடுப்பு சும்மா இருந்தது, திறந்ததும் உண்மையான கணக்குத் தெரிந்தது, அனுப்பியவை காலியாக இருந்தது என்று அவர் செய்ததையும் மென்பொருள் செய்ததையும் வரிசையாக எழுதி, ஷேரைத் திறந்து போட்டதும் பழைய சி.டி.யைக் கொடுத்ததும் நான் என்று கடைசியில் சேர்த்தேன். ஒரு கோப்பைப் பார்ப்பதற்கும் ஒரு நிரலை ஓட்டுவதற்கும் அந்த மெஷினில் ஒரே சொடுக்குதான். அதில் எது நடக்கப்போகிறது என்று அழுத்துகிறவருக்குச் சொல்லாத மென்பொருளை வைத்துக்கொண்டு, அழுத்திய விரலைக் குற்றம் சொல்ல முடியாது. சம்பளத்தில் பிடிக்கவில்லை.

மூன்றாவது, மெஷின்களில் செய்த மாற்றம். பி.ஐ.எஃப். உட்பட நான்கைந்து வகைகளுக்கு ரெஜிஸ்ட்ரியில் இருந்த அந்த மறைப்புக் குறிப்பை நீக்கினேன். வி.பி.எஸ். கோப்பை அழுத்தினால் ஓடாமல் நோட்பேடில் எழுத்தாகத் திறக்கும்படி மாற்றினேன். பதில் எழுதியவரை முகவரிப் புத்தகத்தில் தானாகச் சேர்ப்பதை நிறுத்தினேன். ஷேரில் சி டிரைவை எடுத்துவிட்டு ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும், படிக்க மட்டும், பாஸ்வேர்டோடு கொடுத்தேன். மெயிலைத் திறக்காமலே உள்ளடக்கத்தைக் காட்டும் முன்னோட்டப் பகுதியை மூடினேன். இலைக் கணக்கை மை டாக்குமென்ட்ஸிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றினோம். ஆகஸ்ட்டில் சி.டி.யில் உலாவிக்கான திருத்தங்களையும் கொண்டுபோய்ப் போட்டேன்.

பிறகு நடந்தவை

ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் ஜூன் கணக்கு அச்சாகி ஊருக்குள் வந்துவிட்டது. யார் அச்செடுத்தார்கள் என்று நாங்கள் தேடவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடையில் நான் அதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு தாள், ஓரம் டீ பட்டு மஞ்சளாகி இருந்தது. சில பெயர்களுக்குப் பக்கத்தில் யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். ஈரக் கழிவு அதிகம் கழிக்கப்பட்ட பெயர்கள்.

அடுத்த வாரம் பத்துப் பதினைந்து பேர் ஃபேக்டரிக்கு வந்தார்கள். வயதான ஒருவர், தன் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் ஒரே மழைதான் பெய்கிறது என்று சொன்னதாக அக்கா சொன்னார். மேனேஜர் அன்று பதில் சொல்லவில்லை. ஆகஸ்ட் பாதிக்கு மேல் எல்லோருக்கும் ஒரே கழிவு என்று வந்தது. அதற்குள் ஆறேழு பேர் வேறு ஏஜென்டுக்கு இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் வாங்கிய முன்பணம் ஊருக்கே தெரிந்ததில் அவர் வீட்டில் சண்டையாகி, சில மாதம் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. கழிவு சரியானது நல்லதுதான். ஆனால் அவருடைய கடன் கணக்கு டீக்கடையில் கிடந்ததற்கு அது ஈடாகாது.

செப்டம்பர் 18 அன்று நிம்டா என்ற இன்னொரு வைரஸ் வந்தது. அது வேறு ஓட்டையைப் பிடித்தது. கடிதத்தில் இருந்த எக்ஸி கோப்பை ஒலிக் கோப்பு என்று தலைப்பில் பொய்யாகக் குறித்திருக்கும். மெயில் மென்பொருள் அந்த வார்த்தையை நம்பிக் கேட்காமலே திறக்கும், திறக்கும்போது அது நிரலாக ஓடிவிடும். சொடுக்கவே வேண்டாம், முன்னோட்டத்தில் தெரிந்தாலே போதும். இதற்கான திருத்தம் அந்த வருடம் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. ஆகஸ்ட் சி.டி.யில் அது இருந்ததால் ஃபேக்டரிக்கு வந்த இரண்டு நிம்டா கடிதங்களும் ஓடவில்லை. எங்கள் கடை பார்த்துக்கொண்ட வேறு இரண்டு இடங்களில் ஓடியது. அங்கெல்லாம் நான் ஆகஸ்ட்டில் போகவில்லை.

சர்க்காமுக்கு இன்னொரு தேதியும் இருந்தது. அக்டோபர் 16 அன்று, தேதியை நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் வைத்திருக்கும் மெஷின்களில், இருபதில் ஒரு வாய்ப்பில் சி டிரைவையே அழிக்கும்படி எழுதியிருந்தார்கள். நம் ஊரில் எல்லோரும் வைத்திருப்பது அந்த வரிசைதான். அக்டோபர் 15 அன்று அக்கா, ஜூலையில் கூப்பிட்டவர்களில் சந்தேகமானவர்களை மறுபடி கூப்பிட்டு, கணக்கை சி.டி.யில் எழுதி வையுங்கள் என்று சொன்னார். நான் சொல்லிச் செய்தது இல்லை. 16 அன்று யாரிடமிருந்தும் அழிந்ததாகச் செய்தி வரவில்லை.

இன்று செய்தால் எதை மாற்றுவேன்

விவசாயிகளிடம் நாங்களே முதலில் போயிருக்க வேண்டும். பெற்றவர்களுக்குச் சொன்னோம், கோப்பில் பெயர் இருந்தவர்களுக்குச் சொல்லவில்லை. அதை மறைத்தது மேனேஜர் முடிவு மட்டுமல்ல, நானும் ஒத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து டீக்கடையில் தெரிந்துகொண்டபோது அவர்களுக்குக் கோபம் இரண்டு மடங்காக இருந்ததில் தப்பில்லை.

வேலை வரிசையை மாற்றுவேன். நிறுத்துவது, என்ன மாற்றியிருக்கிறது என்று எழுதிக்கொள்வது, ரெஜிஸ்ட்ரி, அதற்கப்புறம்தான் அழிப்பது. நான் அழித்த அந்த இரண்டு கோப்போடு, எப்போது வந்தது என்ற நேரமும் போய்விட்டது. அது இருந்திருந்தால் எத்தனை கடிதம் போயிருக்கும் என்று ஓரளவு சொல்லியிருக்கலாம்.

தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதே என்ற வாக்கியத்தை அந்த வருடத்தோடு விட்டுவிட்டேன். அதற்குப் பதில், எதிர்பாராத கோப்பு என்றால் போனை எடு என்று சொல்கிறேன். 1999 மார்ச்சில் மெலிஸா என்ற மெயில் வைரஸ் வந்தபோதே, முகவரிப் புத்தகத்தில் முதல் ஐம்பது பேருக்குத் தெரிந்தவர் பெயரில்தான் போனது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மென்பொருள் பக்கம் பிறகு நிறைய மாறியது. 'ஐ லவ் யூ' வந்த அடுத்த மாதமே அவுட்லுக்குக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஓடக்கூடிய இணைப்புகளைத் திறக்கவே விடாது, வேறு நிரல் முகவரிப் புத்தகத்தைத் தொட்டால் கேட்கும். 2004 ஆகஸ்ட்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் வந்த பிறகு, இணையத்திலிருந்து வந்த கோப்பின் மேல் ஒரு குறியே ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. நிரல் என்றால் ஓட்டுவதற்கு முன் கேட்டது. அப்படி வந்த வேர்ட், எக்ஸெல் மாதிரி ஆபீஸ் கோப்புகளுக்குள் இருக்கும் சின்ன நிரல்களான மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்க 2022 வரை ஆனது.

2005-இல் ஃபேக்டரிக்குப் புது மெஷின் போட்டேன். சில வாரம் கழித்துப் போனபோது அக்கா ஒரு மெயிலைக் காட்டினார். இணைப்பு பாதுகாப்பில்லை, அதனால் எடுத்துவிட்டேன் என்று மென்பொருளே மேலே எழுதியிருந்தது. 'இதை அன்னிக்கு ஒரு வரி சொல்லியிருந்தா நான் ஏன் தம்பி திறக்கப் போறேன்?' என்றார். அதற்குள் அவர் அனுப்பியவருக்குப் போன் செய்து கேட்டு முடித்திருந்தார். அவர் எதுவும் அனுப்பவில்லையாம்.

தெரிந்த கோப்புகளின் வாலை மறைக்கும் அமைப்பு மட்டும் விண்டோஸ் 11 வரை அப்படியே இருக்கிறது. புது மெஷின் எது வந்தாலும் நான் முதலில் போய் மாற்றுவது அதைத்தான்.